ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

"பிளேன் ஒரு மணித்தியாலம்தான் எண்டு சொல்லுவினம். அதை நம்பாதேங்கோ. ரெயின்ல போங்கோ."

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா சொன்னது இது. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய அண்ணன் குடும்பம் பாரிஸில் இருக்கிறது. கல்யாணம், சாமத்திய வீடு, செத்த வீடு என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போய்வருகிறவர். நான் அதற்குள் ஹீத்ரோவிலிருந்து விமானச் சீட்டு எடுத்துவிட்டிருந்தேன். பயணத் தளங்கள் எல்லாமே "தூரம் 348 கிலோமீட்டர், நேரம் 1 மணி 20 நிமிடம்" என்றுதான் காட்டின. சரி, அக்கா சொல்வதையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு சின்ன நோட்டில் நேரங்களைக் குறித்துக்கொண்டே போனேன்.

வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 5.40. லண்டனின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம் வரை பாதாள ரயிலில் போய் ஹீத்ரோவில் இறங்கியபோது 7.15. பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, கேட். சீட்டில் போட்டிருந்த நேரம் 9.30. விமானம் பின்னால் நகர்ந்தது 9.42. ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, தரையை விட்டு எழும்பியது 10.04. பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொட்டது, லண்டன் கடிகாரப்படி, 10.47. நின்றது 10.58. பாஸ்போர்ட் வரிசையைத் தாண்டி வெளியே வந்தது 11.40. அங்கிருந்து புறநகர் ரயில் பிடித்து கார் து நோர் நிலையத்தில் இறங்கி, லா சப்பலில் அக்காவின் அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது 12.45.

மொத்தம் 7 மணி 5 நிமிடம். அதில் நான் வானத்தில் இருந்தது 43 நிமிடம். பத்தில் ஒரு பங்கு.

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற கேள்வி பார்ப்பதற்கு எளிமையானது. ஆனால் புவியியலாளர் ஒரு விடை சொல்வார், விமானி இன்னொன்று சொல்வார், நிறுவனத்தின் கால அட்டவணை மூன்றாவதாக ஒன்று சொல்லும், நீதிமன்றம் நான்காவது. பயணி அனுபவிக்கும் விடை இவற்றில் எதிலும் இல்லை. லண்டன்–பாரிஸ் என்ற இந்தப் பழைய வழியை எடுத்துக்கொண்டு, யார் எதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் தூரம். 348 கிலோமீட்டர் என்பது பெருவட்டத் தூரம். பூமியை ஒரு பந்தாக நினைத்து, அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் நூல் எந்த வழியாகப் படியுமோ அதுதான் பெருவட்டம். விமானிகள் இதையே 188 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் நீளத்தை ஒட்டி வகுத்த அளவு. ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன் போன்ற நீண்ட வழிகளில் இந்த நூலை வழக்கமான உலகப்படத்தில் வரைந்தால் வில்லாக வளைந்து தெரியும். லண்டன்–பாரிஸ் மாதிரிக் குறுகிய வழிக்கு அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது, கோடு நேர்கோடுதான்.

ஆனால் அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. காரணம் காற்று. விமானம் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். வடமேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலான நாட்களில் மேலைக்காற்றுதான் வீசுகிறது. ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. பாரிஸோ தென்கிழக்கே இருக்கிறது. ஆகவே பாரிஸுக்குப் போகும் விமானம் அநேக நாட்களில் முதலில் பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே எழும்புகிறது. பிறகு திரும்புகிறது. மறுமுனையிலும் இதே கதைதான். சார்ல் து கோலின் நான்கு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்கானவை. வடமேற்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், அரைவட்டம் அடித்து, மேற்கு முகமாக வந்து இறங்க வேண்டும். அன்று ஜன்னலோரத்தில் இருந்த எனக்கு இது நன்றாகத் தெரிந்தது. இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்த வெயில் கொஞ்ச நேரத்தில் இறக்கையை வெளிச்சம் போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து, அப்புறம் வலப்பக்கத்து இருக்கைகளுக்குப் போய்விட்டது. நேர்கோட்டில் போகும் எந்த வாகனத்திலும் வெயில் இப்படி இடம் மாறாது.

ஐரோப்பா முழுவதற்கும் இந்தச் சுற்றை அளப்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. 1960இல் உடன்படிக்கை கையெழுத்தாகி, பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் யூரோகன்ட்ரோல். அதன் கணக்குப்படி ஐரோப்பிய விமானங்கள் பறக்கும் பாதை பெருவட்டத்தைவிட ஏறக்குறைய 3 விழுக்காடு நீளம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் அந்தக் கணக்கு நடுவழியை மட்டுமே அளக்கிறது. இரு முனைகளிலும் விமான நிலையத்தைச் சுற்றி 40 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தை அது சேர்ப்பதில்லை. நீண்ட வழிகளுக்கு இது நியாயமான முறை. லண்டன்–பாரிஸுக்கோ 188 கடல் மைலில் 80 கடல் மைல் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. சுற்றல் எல்லாம் நடப்பதே அந்த எண்பதில்தான். குறுகிய வழிகளைப் பற்றி ஐரோப்பா தன்னைத்தானே குறைத்து அளந்துகொள்கிறது என்பதே என் கருத்து.

காற்று வளைக்கும் பாதை இது. அரசியல் வளைக்கும் பாதை இதைவிடக் கொடியது. 1945 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு பெர்லினுக்கு மூன்று வான் இடைவழிகள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 32 கிலோமீட்டர் அகலம். அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள் மட்டுமே அவற்றில் பறக்கலாம். ஜெர்மனியின் சொந்த நிறுவனமான லுஃப்தான்சா தன் பழைய தலைநகருக்குப் பறக்க முடியாமல் இருந்தது. இன்றைய உதாரணம் கலினின்கிராட். ரஷ்யாவின் பகுதியாக இருந்தும் லித்துவேனியாவும் போலந்தும் சூழத் தனியே கிடக்கும் நிலம் அது. மாஸ்கோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. அதன் பிறகு மாஸ்கோ விமானம் வடக்கே பின்லாந்து வளைகுடா வரை ஏறி, பால்டிக் கடலின் மேல் சர்வதேச வான்வெளியில் தெற்கே இறங்கித்தான் கலினின்கிராட் போகிறது. பெருவட்டத் தூரம் ஓர் அங்குலமும் மாறவில்லை. வழி மட்டும் பல நூறு கிலோமீட்டர் நீண்டுவிட்டது.

இனி நேரம். நடுத்தர ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். 348ஐ அதால் வகுத்தால் 25 நிமிடம். என் பயணத்தில் வானத்தில் கழிந்தது 43. இந்த வழியில் விமானம் முழு வேகத்தில் சமமட்டத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் இருக்கிறது. மீன்பாடி வண்டி ஓட்டினாலும் ரேஸ் கார் ஓட்டினாலும் தி.நகர் சிக்னலில் ஒன்றுதான் என்பதுபோல, குறுகிய வழியில் ஜெட்டின் வேகத்துக்குப் பெரிய மதிப்பில்லை.

கால அட்டவணையில் போடும் நேரம் இதுவும் அல்ல. அதைத் தொழிலில் பிளாக் டைம் என்கிறார்கள். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அணைகொடுக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து மறுமுனையில் கட்டை போடுவது வரை. தரையில் ஊர்வது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமிடுவது எல்லாம் இதில் அடக்கம். பாரிஸிலிருந்து ஹீத்ரோ திரும்பும் விமானங்கள் நெரிசலான நேரங்களில் லண்டனின் ஓரத்தில் பிக்கின் போன்ற காத்திருப்பு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததுபோல் வட்டமிடும். இப்படி நான்கு அடுக்குகள் லண்டனைச் சுற்றி உண்டு. நிறுவனங்கள் இதையெல்லாம் எதிர்பார்த்து அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே போடுகின்றன. அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூட "நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்" என்று அறிவிக்க முடிகிறது.

இந்த வழியின் வரலாற்றைப் பார்த்தால் எனக்கு வியப்பைவிட வருத்தமே மிஞ்சுகிறது. 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து பாரிஸின் லெ பூர்ஷேவுக்கு அன்றாடச் சர்வதேச விமான சேவை தொடங்கியது. ஒரே ஒரு பயணி, ஒரு பத்திரிகையாளர். கூடவே தோல் சரக்கும் வேட்டைப் பறவை இறைச்சியும் ஜாடிகளில் பாலாடையும். இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 1950 ஜூலை 29 அன்று, உலகத்திலேயே முதன்முறையாகக் கட்டணப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த டர்பைன் விமானமான வைக்கர்ஸ் வைகவுண்ட், லண்டனின் நார்த்தோல்ட்டிலிருந்து லெ பூர்ஷேவுக்கு 57 நிமிடத்தில் போயிற்று. அது காற்றாடி வைத்த விமானம். முக்கால் நூற்றாண்டு கழித்து ஜெட்டில் போகும் நமக்கு அட்டவணை தருவது 1 மணி 20 நிமிடம். இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எஞ்சின் கொடுத்த வேகத்தை நெரிசல் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

கதவிலிருந்து கதவு வரை அளக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறது. பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை 1909இல் பறந்து கடந்ததன் பொன்விழாவுக்கு, 1959 ஜூலையில் டெய்லி மெயில் பத்திரிகை ஒரு போட்டி நடத்தியது. லண்டனின் மார்பிள் ஆர்ச்சிலிருந்து பாரிஸின் வெற்றி வளைவு வரை, எந்த வாகனத்திலும் போகலாம், மொத்த நேரம்தான் கணக்கு. வென்றவர் பிரிட்டிஷ் விமானப்படையின் சார்ல்ஸ் மோன். மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர், ஹண்டர் போர் ஜெட் என்று மாறி மாறி ஏறி 40 நிமிடம் 44 விநாடியில் முடித்தார். நான் வானத்தில் மட்டும் செலவழித்த நேரத்தைவிடக் குறைவு. சோதனை வரிசையும் பாஸ்போர்ட் வரிசையும் இல்லாவிட்டால் இந்த இரு நகரங்கள் எவ்வளவு பக்கம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கடிகாரத்தின் கதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். அதனால் போகும்போது அட்டவணையில் இரண்டு மணி இருபது நிமிடம் போலவும், வரும்போது இருபது நிமிடம் போலவும் தெரியும். முதல்முறை போகிறவர்கள் இதில் ஏமாந்து அடுத்த ரயிலைத் தவறவிடுவது உண்டு. உண்மையில் இரு நிலையங்களுக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் 3 பாகைதான். சூரியக் கணக்கில் 12 நிமிடம். 1911இல் பிரான்ஸ் கிரீன்விச் நேரத்துக்கு மாறியது. ஆனால் கிரீன்விச் என்ற பெயரைச் சட்டத்தில் எழுத மனமில்லாமல், "பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது" என்று எழுதிக்கொண்டது. 1940இல் ஜெர்மானியப் படை உள்ளே வந்து கடிகாரத்தை பெர்லினோடு சேர்த்தது. படை போய்விட்டது, அந்த மணி நேரம் மட்டும் பிரான்சில் தங்கிவிட்டது.

நீதிமன்றத்தின் விடைக்கு வருகிறேன். பயணிக்குக் காசாகப் பயன்படுவது இது ஒன்றுதான்.

2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய விதிமுறை, பறப்பு ரத்தானால் தூரத்தை வைத்து இழப்பீடு தரச் சொல்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, மிக நீண்ட வழிகளுக்கு 600. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் இதே உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அசாதாரணச் சூழ்நிலை என்று நிறுவனம் நிரூபித்தால் விலக்கு. உடனே இரண்டு கேள்விகள் எழுந்தன. எந்தத் தூரம்? எந்த நேரம்?

நேரக் கேள்வி சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் போன ஒரு விமானத்தால் வந்தது. வந்து சேர வேண்டியது பிற்பகல் 2.40. ஓடுபாதையைத் தொட்டது 5.38. நிறுத்துமிடத்தில் நின்றது 5.43. கதவு அதற்குச் சற்றுப் பின்னர் திறந்தது. தரையைத் தொட்டதை எடுத்துக்கொண்டால் தாமதம் 2 மணி 58 நிமிடம், இழப்பீடு இல்லை. நின்றதை எடுத்துக்கொண்டால் 3 மணி 3 நிமிடம், உண்டு. 2014இல் நீதிமன்றம் சொன்னது: ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் கணம்தான் வருகை நேரம். அதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. விமானத்துக்குள் அடைபட்டிருக்கும் வரை பயணி தன் சொந்த வேலைகளையும் உறவுகளையும் வழக்கம்போலக் கவனிக்க முடியாது. கதவு திறக்கும்போதுதான் அந்தக் கட்டு அவிழ்கிறது. சக்கரத்தையும் கட்டையையும் விட்டுவிட்டு, மனிதனை வைத்து நேரத்தை அளந்த ஒரே தீர்ப்பாக இதைக் கருதுகிறேன்.

தூரக் கேள்வியில் நீதிமன்றம் அப்படி இரங்கவில்லை. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள் வழக்குப் போட்டார்கள். மாறி ஏறிப் பறந்த தூரம் 1,656 கிலோமீட்டர். ரோம்–ஹாம்பர்க் பெருவட்டம் 1,326. 2017இல் வந்த தீர்ப்பு: கிளம்பிய இடமும் கடைசியாகச் சேர்ந்த இடமும்தான் கணக்கு; நடுவில் எங்கே சுற்றினாலும் தூரம் கூடாது. ஆகவே 400 இல்லை, 250தான். பட்ட சிரமம் சுற்றுவழியால் கூடுவதில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். விமானம் மாறி ஏறிய எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் விதி தெளிவாக இருக்கிறது, அந்த அளவுக்கு நல்லது.

கரிமக் கணக்கு எழுதுகிறவர்கள் இன்னொரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வாணிப விதிகளில், சுமையையும் தூரத்தையும் பெருக்கிக் கணக்கிடும்போது ஒவ்வொரு பறப்புக்கும் பெருவட்டத் தூரத்தோடு 95 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. லண்டன்–மாஸ்கோ அளவு நீண்ட வழிக்கு அது ஒன்றுமில்லை. லண்டன்–பாரிஸுக்கு அது கால் பங்குக்கும் மேல். யூரோகன்ட்ரோல் விட்டுவிடும் முனைகளை இந்தக் கணக்கு உள்ளே கொண்டுவருகிறது.

அக்காவின் ரயிலுக்கு வருவோம். செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்துக்கும் கார் து நோருக்கும் நேர்தூரம் 343 கிலோமீட்டர் அளவில். தண்டவாளம் 492 கிலோமீட்டர். அதாவது ரயில் போகும் வழிதான் நீளம். கால்வாய்க்கு அடியில் 50 கிலோமீட்டர் சுரங்கம் 1994இல் திறந்தது. அப்போது மூன்று மணி நேரம். 2007 நவம்பரில் இங்கிலாந்துப் பக்கம் அதிவேகப் பாதை முழுமையானதும் 2 மணி 15 நிமிடமாகக் குறைந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவதால் பாரிஸில் இறங்கி நடந்துகொண்டே இருக்கலாம். கார் து நோரிலிருந்து பத்து நிமிட நடையில் லா சப்பலின் தமிழ்க் கடைகள். மல்லிகைச் சரமும் இடியப்பமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது நான் ரயிலில்தான் வந்தேன். லா சப்பல் வீட்டு வாசலிலிருந்து ஈஸ்ட் ஹாம் வீட்டு வாசலுக்கு 4 மணி 40 நிமிடம்.

விமானத்துக்குச் சார்பாகவும் நியாயம் உண்டு. சென்னையிலிருந்து வந்து ஹீத்ரோவில் மாறிப் போகிறவருக்கு விமானம்தான் சரி. மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோ, சவுத்தால் பக்கம் இருப்பவர்களுக்கும் கணக்கு மாறும். கட்டணமோ பல நாட்களில் ரயிலில்தான் அதிகம். நாலு பேர் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விமான எரிபொருளுக்கு 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய எரிசக்தி வரி விதி விலக்குக் கொடுத்திருப்பதையும் சேர்த்தே அந்த விலையைப் பார்க்க வேண்டும். ரயில் தரும் நேரத்தை வைத்து விமானத்தை நிறுத்தவும் பிரான்ஸ் முயன்றது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் அங்கே உள்நாட்டு விமானம் கூடாது என்று 2021இல் சட்டம் இயற்றி 2023 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடைசியில் சிக்கியவை ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ போகும் மூன்று வழிகள் மட்டுமே. துணிச்சலான எண்ணம், கை நடுங்கிய செயல்.

என் முடிவு இதுதான். நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகிறவருக்கு லண்டன்–பாரிஸ் ரயில் வழி. விமான வழியாக அதை விற்கிறவர்கள் வாசலிலிருந்து வாசல் வரையான நேரத்தையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதுவரை, விமானத்தில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தாமதமாகிவிட்டால் சக்கரம் தரையைத் தொட்டதும் கைத்தட்டிவிட்டுப் பையைத் தேடாதீர்கள். கதவு திறக்கும் நிமிடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தை எட்டியிருந்து, தவறு நிறுவனத்துடையதாக இருந்தால், பாரிஸிலிருந்து கிளம்பியவருக்கு 250 யூரோ, ஹீத்ரோவிலிருந்து கிளம்பியவருக்குப் பிரிட்டனின் சட்டப்படி 220 பவுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.